பதினான்காம் கேள்விக்கு ஒரு மலை

தேசிய விடைச் சீர்மை வாரியம் அனுப்பியிருந்த விடைக்குறிப்பை அர்மிந்தா மூன்று முறை படித்தாள். முதல் முறை கண்ணாடி இல்லாமல். இரண்டாம் முறை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. மூன்றாம் முறை வாய்விட்டுப் படித்தாள். யாராவது குறுக்கே வந்து "சும்மா விளையாட்டுக்கு அனுப்பினோம்" என்று சொல்லிவிட மாட்டார்களா என்ற நப்பாசைதான். யாரும் வரவில்லை.

பள்ளி இறுதித் தேர்வின் கணக்குத் தாளில் பதினான்காவது கேள்வி. ஒரு வரைபடம். கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் வீட்டிலிருந்து உள்ள தூரம். எட்டு மணிக்குப் பூஜ்யத்தில் கிளம்பும் கோடு நாற்பது நிமிடத்தில் இரண்டு கிலோமீட்டர் வரை சாய்வாக உயர்கிறது. ஐம்பது நிமிடம் அப்படியே படுக்கையாகப் போகிறது. பிறகு அரை மணியில் சரிந்து, பத்து மணிக்கு மறுபடி பூஜ்யத்தைத் தொட்டுவிடுகிறது. 'லகூனா மான்சா ஊரைச் சேர்ந்த காசில்தாவின் காலைப் பொழுதை இந்த வரைபடத்தைக் கொண்டு விவரிக்கவும். நான்கு மதிப்பெண்.'

கேள்விகளில் நாட்டின் நிஜமான ஊர்ப்பெயர்கள் வரவேண்டும் என்பது வாரியத்தின் புது விதி. அப்போதுதான் பிள்ளைகளுக்குக் கணக்கின் மேல் பாசம் வருமாம். அந்த வருஷக் குலுக்கலில் லகூனா மான்சா விழுந்திருந்தது. மேயர் தோன் ஒல்வெர் தேர்வு முடிந்த அன்று சதுக்கத்தில் வாணவேடிக்கையே நடத்தினார்.

அர்மிந்தாவின் மாணவர்கள் பதினோரு பேரும் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள். காசில்தா வீட்டைவிட்டுக் கிளம்பி இரண்டு கிலோமீட்டர் போனாள், அங்கே ஐம்பது நிமிடம் இருந்தாள், திரும்பி வந்தாள், வரும்போது வேகம் கூடுதல். எங்கே போனாள் என்பது மட்டும் அவரவர் விருப்பம். ஒருவன் அவளை மீன் வாங்க அனுப்பியிருந்தான். இன்னொருவன் பல் பிடுங்க அனுப்பியிருந்தான். யெருஸ்கா அவளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பி, 'பெரியம்மா பேச்சை நிறுத்தாததால் ஐம்பது நிமிடம்; தப்பித்தோம் என்பதால் திரும்பும்போது வேகம்' என்று காரணமும் சேர்த்திருந்தாள்.

விடைக்குறிப்பு வேறு மாதிரி இருந்தது. 'காசில்தா நாற்பது நிமிடம் மலை ஏறினாள். உச்சியின் சமதளத்தில் ஐம்பது நிமிடம் நடந்தாள். பின் மறுபக்கமாக இறங்கினாள். மலை என்ற சொல் இடம்பெறாத விடைகளுக்கு மதிப்பெண் கிடையாது.'

பதினோரு பேருக்கும் பூஜ்யம்.

லகூனா மான்சாவின் சதுக்கத்தில் ஒரு பந்தை வைத்தால், யாராவது வந்து உதைக்கும்வரை அது அங்கேயே இருக்கும். ஊரிலேயே உயரமானது தண்ணீர்த் தொட்டி, அதற்கடுத்தது தேவாலய மணி, மூன்றாவது மேயரின் தொப்பி. பக்கத்தில் ஓடும் மாமோரே நதியே எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் நாட்கணக்கில் வளைந்து வளைந்து யோசிக்கும். மழைக்காலத்தில் யோசனையை விட்டுவிட்டு எல்லாப் பக்கமும் போகும்.

மற்ற பத்துப் பேரும் பூஜ்யத்தை எப்படியோ விழுங்கிக்கொண்டார்கள். யெருஸ்காவால் முடியவில்லை. மாநிலத் தலைநகரில் இருந்த செவிலியர் பள்ளியில் சேர அவளுக்கு இரண்டே இரண்டு மதிப்பெண் குறைந்தது. அவள் அம்மா நில்சா படகுத்துறையில் பாலாடைக்கட்டி ரொட்டி விற்பவள். இருவரும் அர்மிந்தாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"நான் தப்பா எழுதிட்டேனா டீச்சர்?"

"நீ எழுதினது சரி."

"அப்புறம் ஏன் முட்டை?"

"நீ மலை ஏறலையாம்."

"எந்த மலை?"

"அதைத்தான் போய்க் கேட்கப் போறேன்."

"ரெண்டே மார்க்குதான் டீச்சர்," என்றாள் நில்சா. "அவ்வளவு பெரிய ஆபீஸ்ல எங்கயாச்சும் மேசைக்கடியில விழுந்து கிடக்கும். பாத்து எடுத்துட்டு வாங்க."

அர்மிந்தா முதலில் கடிதம் எழுதினாள். செங்குத்து அச்சில் இருப்பது தூரம், உயரமல்ல என்று பணிவாகச் சுட்டிக்காட்டினாள். மூன்றாம் வாரம் பதில் வந்தது. 'தங்கள் புகார் புவியியல் புகாராகப் பதிவு செய்யப்பட்டுள்ளது.' அவள் புவியியலைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை. பையில் இரண்டு சட்டையும் விடைத்தாள்களின் நகலும் வைத்துக்கொண்டு படகேறினாள். படகிலிருந்து பேருந்துக்கு மாறி இரண்டு நாள் மலைமேல் ஏறித் தலைநகரம் போய்ச் சேர்ந்தபோது, சமவெளியிலேயே நாற்பத்தாறு வருஷம் மூச்சுவிட்ட அவளுடைய நுரையீரல் அந்த உயரத்தில் ஒத்துழைக்க மறுத்தது.

வாரியத்தின் கீழ்த்தளத்தில் இருந்த பெண் கேட்டாள். "புகார் கோட்டு மேலயா, மலை மேலயா?"

"மலையே இல்லைங்க."

"அப்ப கோட்டு மேல. மூணாவது மாடி. லிஃப்ட் சனிக்கிழமை மட்டும்."

மூன்றாம் மாடியில் இருந்தவர் கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கோட்டுல ஒரு குறையும் இல்லையே அம்மா. நேரா இருக்கு, கறுப்பா இருக்கு, எங்கயும் அறுந்து போகல. மலைதான் இல்லைன்னா அது கீழ் மாடி."

இப்படி இரண்டு தடவை ஏறி இறங்கி, மூன்றாம் தடவை படிக்கட்டிலேயே அவள் உட்கார்ந்துவிட்டதால், வழியை மறிக்கிறாள் என்ற காரணத்துக்காகச் செயலாளரின் அறைக்கு அழைத்துப் போகப்பட்டாள்.

செயலாளர் டாக்டர் ஃப்ரோய்லான் உஸ்தாரெஸ் வரைபடங்களில் முப்பத்தொரு வருஷ அனுபவம் உள்ளவர். அவருடைய சாளரத்துக்கு வெளியே மலைகள். மலைகளுக்குப் பின்னால் பனி மூடிய மலைகள்.

"உட்காருங்க டீச்சர். கோடு மேல போகுது. மேல போறதுக்குப் பேர் என்ன?"

"எது மேல போகுதுங்கிறதைப் பொறுத்தது ஐயா. அச்சுல என்ன எழுதியிருக்குன்னு..."

"அச்சு!" டாக்டர் கனிவாகச் சிரித்தார். "அச்சைப் படிக்கிறது ஆரம்பப் பள்ளிப் பழக்கம். நான் பதவிக்கு வந்த நாள்லேருந்து ஒரு அச்சையும் படிச்சதில்ல. அனுபவம் உள்ளவன் வடிவத்தைப் பார்ப்பான். இது மலை. என் பேத்திகிட்ட காட்டினேன், அவளும் மலைன்னுதான் சொன்னா. நாலு வயசு."

"எங்க ஊர்ல மலை கிடையாதுங்க."

டாக்டர் முதல்முறையாக அவளை இரக்கத்தோடு பார்த்தார். "மலை இல்லாத ஊரா? அப்புறம் ஊர் எங்க முடியுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அர்மிந்தா எழுந்தாள். இருபத்திரண்டு வருஷமாக எட்டாம் வகுப்பில் செய்து காட்டுவதையே செய்தாள். அவருடைய மேசையிலிருந்து சாளரம்வரை மெதுவாக நடந்தாள். அங்கே சற்று நின்றாள். விறுவிறுவென்று மேசைக்குத் திரும்பினாள்.

"இப்ப மேசையிலேருந்து நான் எவ்வளவு தூரத்துல இருந்தேன்னு நேரத்துக்கு நேரம் வரைங்க ஐயா."

டாக்டர் வரைந்தார். ஏறுகிற கோடு, படுக்கைக் கோடு, இறங்குகிற கோடு. அவள் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? அதே கோடு. நான் மலை ஏறினேனா?"

டாக்டர் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏறாமலா இப்படி மூச்சு வாங்குது?"

அதற்குமேல் பேச அவளிடம் காற்று இல்லை. இருந்தாலும் வாரியம் யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. மலையை நேரில் சரிபார்க்க மூவர் குழு அமைக்கப்பட்டது.

குழு ஜனவரி மழையில் படகில் வந்து இறங்கியது. தார்ச்சாலை போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மேயர் மாடு அடித்து விருந்து வைத்தார். மூவரும் முக்காலி வைத்து, தூரக்கண்ணாடி வைத்து, ஊரை நான்கு நாள் அளந்தார்கள். சதுக்கத்துக்கும் இடுகாட்டுக்கும் நாற்பது சென்டிமீட்டர் உயர வித்தியாசம் இருந்தது. இடுகாடு மலையாக இருக்கக்கூடுமா என்று ஒரு மத்தியானம் முழுக்க விவாதித்தார்கள். கடைசியில் அறிக்கையில் இப்படி எழுதினார்கள். 'ஆய்வு நாளன்று மலை ஊரில் இல்லை.'

பத்தே நாளில் மேயருக்கு அறிவிப்பு வந்தது. அரசு விடைக்குறிப்பில் பதிவான மலையை முறையாகப் பராமரிக்கத் தவறியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். முப்பது நாளுக்குள் மலையை மீண்டும் அதன் இடத்தில் நிறுவ வேண்டும். இயந்திரங்களை வாரியமே அனுப்பும்.

தோன் ஒல்வெர் அந்தத் தாளோடு பள்ளிக்கு ஓடிவந்தார். அர்மிந்தா மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவளைக் கட்டிக்கொண்டார்.

"இருபது வருஷமா ஒரு மண்வெட்டி கேட்டு எழுதறேன், பதில் கிடையாது. நீங்க ரெண்டு மார்க்கு கேட்கப் போய் எனக்கு ஒரு மலையே வாங்கிட்டு வந்துட்டீங்களே டீச்சர்!"

"தோன் ஒல்வெர், நான் மலை கேட்கல. மலை இல்லைன்னு சொல்லத்தான் போனேன்."

"அதனாலதானே குடுக்கறாங்க! இருக்குன்னு சொல்லியிருந்தா குடுப்பாங்களா?"

இயந்திரங்கள் படகுகளில் வந்தன. கூடவே வந்த பொறியாளர் விடைக்குறிப்பைத் தரையில் விரித்து வைத்து வெகுநேரம் தலையைச் சொறிந்தார். செங்குத்து அச்சின்படி மலையின் உயரம் இரண்டு கிலோமீட்டர். ஊர் ஏரியின் மண்ணை மொத்தமும் அள்ளினாலும் போதாது. வேலை மூன்று நாள் நின்றது. பிறகு வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில் 'படம் அளவுக்கு உட்பட்டதல்ல' என்று இருப்பதை யாரோ பார்த்தார்கள். தாளில் ஆறு சென்டிமீட்டர் இருந்த கோட்டை நூறு மடங்கு பெருக்கி, மலைக்கு ஆறு மீட்டர் உயரம் என்று முடிவானது. அச்சைத் தாண்டிப் பொடி எழுத்துவரை படித்தவர்கள், அச்சை மட்டும் எப்படித் தாண்டினார்கள் என்று அர்மிந்தாவுக்கு விளங்கவில்லை.

மலை பகலில் எழும்பியது, மறுநாள் மழையில் உட்கார்ந்தது. நகராட்சி ஊழியர்கள் காலைதோறும் அதைத் தட்டித் தட்டி நிமிர்த்தினார்கள். பிளாஸ்டிக் விரிப்பால் போர்த்தினார்கள். பிப்ரவரியில் நதி வழக்கம்போல மேய்ச்சல் நிலத்துக்குள் புகுந்தபோது, வாரியத்தின் அனுமதி எதுவும் பெறாமல் பதினெட்டு மாடுகள் உச்சிக்குப் போய் நின்றுகொண்டன. ஊரில் அந்த மலையின் பயனை உடனே புரிந்துகொண்டவை அவைதான்.

திறப்பு விழாவுக்கு டாக்டர் உஸ்தாரெஸ் நேரில் வந்தார். வினாத்தாளில் உள்ளபடியே எல்லாம் நடந்து காட்டப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு ஒரு காசில்தா வேண்டும். ஊரில் அந்தப் பெயரில் யாரும் இல்லாததால், தீர்மானம் எண் நாற்பத்தேழின்படி யெருஸ்கா ஒருநாள் காசில்தாவாக நியமிக்கப்பட்டாள். செவிலியர் பள்ளியின் பட்டியல் மூட இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

"நான் ஏன் ஏறணும் டீச்சர்?" என்று அவள் கேட்டாள். "ஏறலைன்னுதானே முட்டை போட்டாங்க?"

"ஏறு. ஏறி இறங்கு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

எட்டு மணிக்கு வாத்தியக் குழு முழங்க, யெருஸ்கா மலையடிவாரத்தில் இருந்த தன் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினாள். ஆறு மீட்டரை நாற்பது நிமிடத்தில் ஏற வேண்டும். நிமிடத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர். ஓர் அடி வைப்பாள், நிற்பாள். டாக்டர் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைப்பார். அடுத்த அடி வைப்பாள். வாத்தியக் குழுவிடம் பாட்டுத் தீர்ந்துபோனது. தேசிய கீதத்தை இரண்டு தடவை வாசித்தார்கள். இரண்டு தடவையும் எல்லோரும் விறைப்பாக நின்றார்கள், சரிவில் ஒற்றைக் காலைச் சேற்றில் வைத்திருந்த யெருஸ்கா உட்பட. கீதம் ஒலிக்கும்போது நேரம் நகராது என்று டாக்டர் தீர்ப்புச் சொல்லிக் கடிகாரத்தை நிறுத்தி வைத்தார்.

உச்சியின் சமதளம் ஒரு சின்ன அறை அளவு. அதில் மாடுகள் வேறு. ஐம்பது நிமிடமும் அவள் மாடுகளைச் சுற்றி நடந்தாள்.

"பசிக்குதாடி?" என்று கீழிருந்து நில்சா கத்தினாள்.

"பசிக்குதும்மா!"

நில்சா எறிந்த ரொட்டியைப் பாதி வழியில் ஒரு மாடு வாங்கிக்கொண்டது.

பிறகு விடைக்குறிப்பின்படி யெருஸ்கா மறுபக்கமாக இறங்கினாள். டாக்டரின் கடிகாரத்தில் பத்து ஆனபோது, மலைக்கு அந்தப் பக்கம், வெள்ளம் நின்ற மேய்ச்சல் நிலத்தில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் கைதட்டியது. டாக்டர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெருமக்களே! வாரியம் ஒரு விடையைச் சொல்லிவிட்டால் அந்த விடை எங்கேயாவது இருந்தே தீரும். இல்லையென்றால் உண்டாக்குவோம். இயற்கை செய்த பிழையை இன்று திருத்திவிட்டோம்!"

அர்மிந்தா பள்ளியிலிருந்து தூக்கிவரச் செய்திருந்த கரும்பலகையை மேடைக்கு முன்னால் நிறுத்தினாள். பதினான்காம் கேள்வியின் வரைபடத்தைப் பெரிதாக வரைந்திருந்தாள்.

"ஐயா, ஒரே ஒரு சந்தேகம். பத்து மணிக்குக் கோடு எங்க இருக்கு?"

"பூஜ்யத்தில்," என்றார் டாக்டர் ஒலிபெருக்கியில். "அதாவது தரைமட்டத்தில்."

"அச்சுல எழுதியிருக்கறதைக் கொஞ்சம் சத்தமாப் படிச்சுக் காட்டுங்களேன். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முப்பத்தொரு வருஷத்தில் முதன்முறையாக ஓர் அச்சைப் படித்தார். "வீட்டிலிருந்து... உள்ள... தூரம்."

"அப்ப பத்து மணிக்கு அது பூஜ்யம்னா?"

கூட்டம் யோசித்தது. நில்சாவுக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை. மலையின் இந்தப் பக்கம் தன் வாசலில் நின்றபடி அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏய் யெருஸ்கா! கோட்டுக்காரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துட்டாளாம். நீ எப்படி வர்றதா உத்தேசம்?"

"மறுபடியும் ஏறித்தான் வரணும்மா! படகு அனுப்புறியா?"

மேயர்கூடச் சிரித்துவிட்டார். டாக்டர் உஸ்தாரெஸ் கரும்பலகையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், தண்ணீரில் நின்ற காசில்தாவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ மெல்ல விடிவதுபோல இருந்தது. அர்மிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பிழை கண்டுபிடிக்கப்பட்டது," என்றார் அவர். "வீடு மலையின் தவறான பக்கத்தில் கட்டப்பட்டிருக்கிறது."

உடனே ஓர் உதவியாளர் வீட்டை அளக்க நாடாவோடு கிளம்பினார். நில்சா ரொட்டி சுடும் இரும்புத் தட்டைக் கையில் எடுத்தாள். "வா ராசா. எந்த மூலையிலேருந்து ஆரம்பிக்கலாம்?" உதவியாளர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தார். வீடு அளவுக்கு உட்பட்டதல்ல என்று குறித்துக்கொண்டார்.

விருந்தில் சோறும் உப்புக்கண்டமும் பரிமாறப்பட்டபோது அர்மிந்தா டாக்டரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இனி சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

"ஐயா, மலை இருக்கட்டும். மாடுங்களுக்காவது ஆகும். அந்தப் பொண்ணுக்கு ரெண்டு மார்க்கு வேணும். வெள்ளிக்கிழமை பட்டியல் மூடறாங்க."

டாக்டர் எலும்பைக் கீழே வைத்தார். "வாரியம் தப்புப் பண்ணாது டீச்சர். ஆனா வாரியத்துக்கு இரக்கம் உண்டு. பரீட்சை சமயத்துல உங்க ஊர்ல மலை இல்ல. மலையைப் பாக்காத பிள்ளைங்க மலையைப் பத்தி எப்படி எழுதும்? அது ஒரு குறைபாடு. குறைபாட்டுக்கு நிவாரணம் உண்டு, ஆளுக்கு நாலு மார்க்கு. நீங்க கையெழுத்துப் போட்டா இப்பவே முத்திரை குத்தறேன்."

படிவத்தை நீட்டினார். 'நிலவியல் குறைபாடு காரணமாக என் மாணவர்களால் வரைபடத்தைப் புரிந்துகொள்ள இயலவில்லை என்று உறுதிகூறுகிறேன்.' கீழே பதினோரு பெயர்கள்.

யெருஸ்காவின் விடையில் பெரியம்மாவின் பேச்சிலிருந்து தப்பி ஓடிவந்த அந்தச் சரிவை அர்மிந்தா நினைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அதைவிட அழகாக எந்தப் பிள்ளையும் ஒரு சரிவைப் படித்ததில்லை. தாளைக் கிழித்து அவருடைய தட்டிலேயே போட்டுவிடத்தான் கை துடித்தது. அப்போது யெருஸ்கா மலையைச் சுற்றிக்கொண்டு, இடுப்புவரை நனைந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்தாள். அர்மிந்தாவின் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

அர்மிந்தா கையெழுத்திட்டாள். 'குறைபாட்டின் தன்மை' என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில், 'எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்கும் பழக்கம்' என்று தெளிவான எழுத்தில் எழுதினாள். டாக்டர் அதைப் படிக்காமல் முத்திரை குத்தினார்.

வியாழக்கிழமைப் படகில் யெருஸ்கா போனாள். வெள்ளிக்கிழமை பட்டியலில் பெயர் ஏறியது.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அர்மிந்தாவின் தொலைபேசி அடித்தது.

"டீச்சர், இன்னிக்குத்தான் முதல் தடவையா வார்டுக்குள்ள விட்டாங்க. ஒரு நோயாளியோட காய்ச்சல் கிராஃபைக் காட்டி, இவருக்கு என்ன ஆச்சுன்னு எழுதச் சொன்னாங்க தலைமை சிஸ்டர். கோடு ஏறுது, கொஞ்ச நேரம் படுக்கையாப் போகுது, அப்புறம் இறங்குது."

"ம்."

"நாங்க நாப்பது பேரு. முப்பத்தொன்பது பேரு அவர் மலை ஏறினாருன்னு எழுதியிருக்காங்க டீச்சர்! அந்த மனுஷன் கட்டில்ல படுத்திருக்காரு. பயந்துபோய், 'நான் எப்பம்மா ஏறினேன்'னு எங்களையே கேக்கறாரு."

அர்மிந்தா பேனாவை மூடி வைத்தாள். "நீ என்ன எழுதினே?"

"காலையில காய்ச்சல் ஏறிச்சு, மத்தியானம் வரைக்கும் அப்படியே நின்னுச்சு, மருந்து குடுத்தப்புறம் இறங்கிச்சுன்னு எழுதினேன். சிஸ்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, உனக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுதுன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"நான் படிக்கறப்ப எங்க ஊர்ல மலை இல்லீங்கன்னு சொன்னேன்."